அவுட்பேக்கில் இரவு பத்திரமாகத் தூங்க

பிற்பகல் நான்கு மணிக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும். அவுட்பேக் எனப்படும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் முகாமிடுவதற்கு ஒரே ஒரு விதி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில், நாட்டின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ப் பக்கம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். அடுத்த அரை மணியில் கும்மிருட்டு. கங்காருக்களும், வேலியில்லாத மேய்ச்சல் நிலத்து மாடுகளும் சாலைக்கு வருகிற வேளையும் அதுதான். இருட்டில் இடம் தேடுகிறவர் கண்ணுக்கு விளக்கு விழும் பத்து மீட்டர் தரைதான் தெரியும். தலைக்கு மேல் முறிந்து தொங்கும் கிளையும், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியும் விடிந்த பிறகே தெரியவரும். பாம்பையும் சிலந்தியையும் நினைத்துத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள், கொஞ்சமும் யோசிக்காமல் ஆற்று மணலில் போய் டென்ட் அடிப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அவுட்பேக்கில் இரவு எப்படிக் கழியும் என்பதைப் பெரும்பாலும் படுக்கை விரிக்கும் தரைதான் முடிவு செய்கிறது.

மத்திய ஆஸ்திரேலியாவின் ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குள்ளேயே போகும் டாட் ஆறும் அப்படி, ஃபிங்க் ஆறும் அப்படி. மெத்தென்ற மணல், இரு கரையிலும் மரம், காற்றுக்கு மறைப்பு எல்லாம் சேர்ந்து கூப்பிடும். போகாதீர்கள். மேல்நிலத்தில் வெகு தொலைவில் பெய்த மழையின் வெள்ளம், உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வந்து சேரலாம். பாறைக் குன்றுகளும் இறுகிய செம்மண்ணும் நீரை உறிஞ்சாமல் அப்படியே ஆற்றுக்குத் தள்ளிவிடுவதுதான் காரணம். கரையோர மரங்களைக் கவனித்தால் காய்ந்த புல்லும் சுள்ளியும் கிளைகளில் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருக்கும். ஒரு வெள்ளம் எட்டிய உயரம் அது. அந்தக் குப்பைக்கும் மேலான தரையில் படுங்கள். திரும்பிப் போகும் வழி ஆற்றைக் கடக்காத பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேட்டில் பத்திரமாகப் படுத்துவிட்டு நான்கு நாள் அக்கரையில் மாட்டிக்கொள்வதும் நடக்கும்.

ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும், வெளிறிய வழுவழுப்பான தண்டுடைய பெரிய மரம் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ். அழகான மரம், அடியில் தூங்கக் கூடாத மரம். பட்ட கிளை என்றில்லை, பச்சைக் கிளையையே எந்த அறிகுறியும் காட்டாமல் உதிர்க்கும். காற்றே இல்லாத வெக்கையான நாளிலும் விழும். டென்ட் கூரையோ வண்டிக் கூரையோ அந்த எடையைத் தாங்காது. மரத்தின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, அதில் ஒன்றரை மடங்கு தள்ளிப் படுக்கையைப் போடுங்கள். கூலிபா மரத்துக்கும் இதே விதிதான். நிழலோ மறைப்போ வேண்டுமென்றால் உயரம் குறைந்த முல்கா மரங்கள் இருக்கின்றன. மணற்பாங்கான இடங்களில் டெசர்ட் ஓக் தோப்புகள் உண்டு. உதிர்ந்த ஊசி இலைகள் தரையை மெத்தையாக்கி வைத்திருக்கும். அங்கும் ஒருமுறை நிமிர்ந்து பட்ட கிளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே படுக்க வேண்டும்.

மண்ணின் வகையும் முக்கியம். பேர்ட்ஸ்வில் ஊர், கூப்பர் க்ரீக் ஆறு ஆகியவற்றின் பக்கத்துக் கரிசல் நிலம் காய்ந்திருக்கும்போது நல்ல கெட்டித் தரை. 10 மி.மீ. மழை பெய்தால் போதும், சக்கரத்தில் களி அப்பி, வண்டி நகராது. தட்டையான களிமண் படுகைகளும் அப்படித்தான். வானம் மூடியிருந்தால் இந்த இரண்டையும் தவிர்த்து, சரளையோ மணலோ உள்ள சற்று மேடான தரைக்குப் போய்விடுங்கள். கிப்பர் எனப்படும் சிறு கல் சமவெளியும் எளிதான இடமல்ல. முளை இறங்காது, டென்டின் அடித்துணி கிழியும். ஸ்பினிஃபெக்ஸ் புல்வெளியில் முகாமிடுவதே தவறு. அந்தப் புல்லில் பிசின் இருப்பதால், பச்சையாக இருக்கும்போதே குபீரென்று பற்றிக்கொள்ளும்.

மாலை வேளையில் மிகவும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. புல் பூண்டு இல்லாமல், பொடிச் சரளை பரப்பியது போல வட்டமாகச் சுத்தமான தரை. டென்ட் அடிக்கவென்றே யாரோ பெருக்கி வைத்தது போலிருக்கும். அது மீட் ஆன்ட் எறும்புகளின் கூடு. பொழுது சாய்ந்து குளிர் ஏறியதும் எறும்புகள் உள்ளே போய்விடுவதால் ஆறரை மணிக்குப் பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. வெயில் ஏறியதும் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து கடிக்கும். நான்கு மணிக்கே நின்றால் அவை நடமாடுவது கண்ணில் படும்.

மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, குட்டை ஆகியவற்றிலிருந்து 500 மீட்டராவது விலகியிருங்கள். இரவில் மந்தை தண்ணீர் குடிக்க வரும். இருட்டில் டென்டின் கயிறு மாட்டுக்குத் தெரியாது. இதில் மாடுகளின் பாடும் இருக்கிறது. மனிதர்கள் தொட்டியருகே உட்கார்ந்திருந்தால் அவை தண்ணீருக்கு அருகில் வர அஞ்சித் தாகத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். கோடையில் அது உயிரையே எடுத்துவிடும்.

வடக்கே போகிறவர்களுக்கு முதலைதான் முதல் கணக்கு. கிம்பர்லி, காக்கடு, கார்பென்டேரியா வளைகுடாக் கரையோரம் என்று அந்த வடபகுதி முழுவதும் உவர்நீர் முதலை உண்டு. பெயரில் உவர்நீர் இருந்தாலும், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே நன்னீர் ஆறுகளிலும் வாழ்கிறது. நீர் விளிம்பிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளியும், உச்ச நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் மேலேயும் படுக்கை இருக்க வேண்டும். தண்ணீர் மொள்ள ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகக் கூடாது. முதலை பார்த்து வைத்துக்கொள்ளும். மீன் கழுவிய நீர், எலும்பு, மிச்சச் சோறு எதையும் முகாமருகே விடாதீர்கள். உங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் விட்டுப் போயிருந்தால் வேறு இடம் பாருங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், உலுரு, சிம்ப்சன் பாலைவனம் ஆகிய இடங்களில் இந்தக் கவலை இல்லை.

இனி படுக்கை. ஆஸ்திரேலியர்கள் பெரிதும் நம்புவது ஸ்வாக். கெட்டிக் கான்வாஸ் உறைக்குள் 50 முதல் 75 மி.மீ. கனமுள்ள நுரை மெத்தை, அடியில் நீர் புகாத பிவிசி துணி, தலைப்பக்கம் கொசுவலை. அப்படியே கோரைப்பாய் போலச் சுருட்டி வண்டிக் கூரையில் கட்டிவிடலாம். ஒருவர் படுக்கும் அளவு 10 முதல் 15 கிலோ வரும். விரிக்க இரண்டு நிமிடம் போதும், பலத்த காற்றிலும் பறக்காது, நுரை மெத்தை பஞ்சர் ஆகாது. மழைக்காலம் அல்லாத மத்திய ஆஸ்திரேலியாவுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. கான்வாஸ் சதுர மீட்டருக்கு 400 கிராம் அளவில் இருக்கட்டும். அதைவிட மெல்லியது சில ஆண்டு வெயிலில் நைந்துவிடும்.

புது ஸ்வாக்கை நேரே பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். தையல் ஓட்டைகள் வழியே ஒழுகும். வீட்டிலேயே குழாய்த் தண்ணீர் அடித்து முழுக்க நனைத்து, முழுக்க உலரவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பருத்தி நூல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும். சோப்பு ஒருபோதும் போடக் கூடாது. நீர் புகாமல் காக்கும் பூச்சு போய்விடும்.

ஸ்வாக்கில் படுத்தவர்கள் காலையில் சொல்லும் வழக்கமான புகார், உள்ளே நனைந்திருக்கிறது என்பது. பெரும்பாலும் அது மழையில்லை, அவர்கள் விட்ட மூச்சு. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடினால் மூச்சின் ஈரம் குளிர்ந்த கான்வாஸில் படிந்து சொட்டும். தலைப்பக்கமும் கால்பக்கமும் வலையிட்ட திறப்பைக் கையகலமாவது திறந்து வையுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்தால் அதன் ஓரம் ஸ்வாக்குக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீர் அதில் விழுந்து நேரே மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும்.

பாலைவனம் என்றதும் வெப்பத்தை நினைத்துக் கிளம்புகிறவர்களைக் குளிர்தான் முதல் இரவிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாதப் பகல் சராசரி 20 டிகிரி; இரவு 4 டிகிரி. உறைபனி விழும் இரவுகள் சாதாரணம், -7.5 டிகிரி வரை இறங்கிய பதிவும் உண்டு. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது உறையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். நிம்மதியாகத் தூங்கும் அளவு கம்ஃபர்ட்; விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் அது அல்ல. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்கும் அளவல்ல, உயிர் தப்பும் அளவு. குளிர்காலப் பயணத்துக்குக் கம்ஃபர்ட் 0 முதல் -5 வரை உள்ளதை எடுங்கள். சிட்னி, மெல்பர்ன் வீட்டிலிருக்கும் போர்வைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும் நம் குடும்பங்களில் முதலில் நடுங்குவது குழந்தைகளும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவும்தான்.

மேலே எத்தனை போர்வை போட்டாலும் அடியில் தடுப்பு இல்லையென்றால் பயனில்லை. மடக்குக் கட்டிலில் படுத்தால் துணிக்கு அடியில் காற்று ஓடி வெப்பத்தை இழுத்துப் போய்விடும். கட்டிலின் மேல் நுரைப் பாய் அவசியம். காற்று மெத்தையிலும் இதே தொல்லை, உள்ளிருக்கும் காற்று குளிர்ந்துவிடும். பகலில் வியர்த்த உடையோடு படுக்காமல் உலர்ந்த உள்ளாடை, கம்பளிக் காலுறை, குல்லாய் என்று மாற்றிக்கொள்ளுங்கள். சுடுநீர் நிரப்பிய ரப்பர் பையைப் படுக்கையின் கால்பக்கம் வைத்துவிட்டால் நள்ளிரவு தாண்டியும் சூடு இருக்கும்.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை கதை தலைகீழ். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. அந்த மாதங்களில் ஸ்வாக்குக்குள் படுப்பது அடுப்புக்குள் படுப்பது. கட்டிலும் கொசுவலையும் மட்டும் போதும். பொழுதுபோக்காகப் போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

வண்டிக் கூரை டென்ட் வாங்க நினைப்பவர்கள் முதலில் எடையைப் பாருங்கள். டென்ட் 50 முதல் 80 கிலோ. ஓடும்போது கூரை தாங்கும் அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும், பல வண்டிகளுக்கு அது 100 கிலோவுக்குள்தான். தாங்கிச் சட்டத்தின் எடையும் அதில் அடக்கம். நள்ளிரவில் ஏணியில் இறங்கி ஒதுங்கப் போக வேண்டிய பெரியவர்களுக்கு இது ஏற்றதல்ல. சாதாரண டென்ட் என்றால் கடையில் கூட வரும் மெல்லிய முளைகளைத் தூக்கிப் போடுங்கள். இறுகிய செம்மண்ணுக்கு 30 செ.மீ. நீளக் கெட்டி இரும்பு முளையும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட சுத்தியலும் தேவை. மணலில் சாதாரண முளை நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பிக் கயிறு கட்டி, அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. கூரை முழுக்க வலையாக உள்ள டென்டில் காலையில் முகமெல்லாம் செம்புழுதி படியும். வண்டியின் பக்கக் கூடாரத் துணியைத் தூங்கப் போகும்முன் சுருட்டிவிடுங்கள். அமைதியான இரவில் திடீரென்று எழும் ஒரே வீச்சுக் காற்றில் அதைத் தாங்கும் கம்பி முறியும்.

குளிருக்காக டென்டுக்குள் கேஸ் ஹீட்டர், கேஸ் அடுப்பு, கரித் தணல் எதையும் கொண்டுபோகக் கூடாது. அணைந்தது போலிருக்கும் கரிகூடக் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமில்லை, தலைவலி வரும், தூக்கம் சொக்கும், தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். வண்டிக்குள் படுத்து ஏசிக்காக இன்ஜினை ஓடவிடுவதும் இதே ஆபத்துதான், போதாததற்குச் சூடான புகைக்குழாய் காய்ந்த புல்லையும் பற்றவைக்கும். இந்த ஒன்றில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

படுக்கைகளுக்கும் தடத்துக்கும் நடுவில் வண்டியை நிறுத்துங்கள். இரவில் வேறொரு வண்டி அதே திறந்தவெளிக்குத் திரும்பினால் தரையோடு கிடக்கும் ஸ்வாக் அவருக்குத் தெரியாது. ஸ்வாக்கில் ஒளியைப் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டிவையுங்கள். பெருஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் தங்க வேண்டாம். ரோடு டிரெயின் எனப்படும், பல டிரெய்லர்களை இழுக்கும் 53.5 மீட்டர் நீள லாரிகளை ஓட்டுகிறவர்கள் சட்டப்படி ஓய்வெடுக்க அந்த இடம் தேவை.

பாம்பு பற்றி அளவாகச் சொன்னால் போதும். குளிரான இரவில் அவை அதிகம் நடமாடுவதில்லை. வெப்பமான மாதங்களில் இருட்டிய பின்னும் நடமாடும் என்பதால் மூடிய காலணியும் தலைவிளக்கும் இல்லாமல் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. காலணியை வெளியே விட்டால் தேள் புகும், டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போகும்; படுக்கைக்குள்ளேயே கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். உணவுப்பெட்டியும் குப்பையும் வண்டிக்குள்தான்.

பாம்பு கடித்துவிட்டால் கடிபட்டவர் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. கழுவாதீர்கள், தோலில் படிந்த விஷம் மருத்துவமனையில் பாம்பை அடையாளம் காண உதவும். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள, இழுத்தால் நீளும் எலாஸ்டிக் கட்டுத்துணியைக் கடிவாயின் மேல் இறுக்கிச் சுற்றி, இரண்டாவது துணியை விரல் நுனியிலிருந்து தொடங்கி முழுக் கை அல்லது காலுக்கும் மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். துணிக்கும் தோலுக்கும் நடுவே விரல் எளிதில் நுழையாத இறுக்கம் வேண்டும். பிறகு ஒரு குச்சியை வைத்துக் கட்டி அசையாமல் செய்து, கடிவாய் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் கட்டின் மேல் எழுதுங்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் 1979இல் வெளியிட்ட இந்த முறைதான் இன்றும் அங்கே கற்பிக்கப்படுகிறது. நினைவிருக்கட்டும், ரெட்பேக் சிலந்திக் கடிக்கு இந்தக் கட்டு கூடாது. ஐஸ் ஒத்தடம் கொடுத்து மருத்துவ உதவி தேடுங்கள். கட்டுத்துணி மூன்று, வண்டிக்குள் எல்லோரும் அறிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல தேசியப் பூங்காக்களில் விறகு பொறுக்கவும் அனுமதியில்லை. சுற்றிலும் நான்கு மீட்டர் சுத்தம் செய்து சிறு குழியில் மூட்டுங்கள். ஆற்றுக் கல்லை அடுக்காதீர்கள், உள்ளிருக்கும் ஈரம் சூடாகிக் கல் வெடிக்கும். படுக்கும்முன் தண்ணீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றி அணைக்க வேண்டும். மணல் போட்டு மூடுவது மிகவும் தவறு. கனல் பல மணி நேரம் அடியில் கனிந்துகொண்டே இருக்கும். காலையில் ஓடிவரும் குழந்தை அந்த மணலில்தான் கால் வைக்கும்.

தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது 5 லிட்டர், கோடையில் 10. அதோடு வண்டி நின்றுபோனால் காத்திருக்கச் சில நாள் கையிருப்பு. ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் 10, 20 லிட்டர் கேன்களில் பிரித்து வையுங்கள். குலுக்கும் பாதையில் ஒன்று ஓட்டையானாலும் மற்றவை மிஞ்சும். ஊரைத் தாண்டி அரை மணி போனால் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. 406 மெகாஹெர்ட்ஸ் பிஎல்பி எனப்படும் அவசரச் சமிக்ஞைக் கருவி ஒன்று அவசியம். அதை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் இலவசமாகப் பதிவு செய்து, பேட்டரி காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் அதன் இடம் தலைமாட்டில். பூட்டிய வண்டிக்குள் அல்ல. யுஎச்எஃப் ரேடியோவில் பெருஞ்சாலை லாரிகள் 40ஆம் சேனலில் பேசும்; அவசரத்துக்கு 5. வண்டி பழுதானால் வண்டியோடு இருங்கள். விமானத்திலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டி தெரியும், நடந்துபோகும் மனிதர் தெரியமாட்டார்.

யாருடைய நிலம் என்பதைக் கிளம்பும்முன் விசாரியுங்கள். உலுரு-கட்ட ஜுட்ட தேசியப் பூங்காவுக்குள் முகாமிட அனுமதியே இல்லை. பூங்காவுக்கு வெளியே யுலாராவில் உள்ள முகாமில்தான் தங்க வேண்டும். கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகும் மெரீனி லூப் பாதைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், வழியில் இரவு தங்கக் கூடாது. உலுரு பக்கமிருந்து மேற்கே போகும் கிரேட் சென்ட்ரல் ரோடு பழங்குடி மக்களின் நிலத்தின் ஊடாகப் போகிறது; அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். சிம்ப்சன் பாலைவனத்தின் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்பட்டிருக்கும்.

காலையில் ஸ்வாக்கைச் சுருட்டும்முன் உங்களுக்கு எதிர்ப்பக்க ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பூரானோ பாம்போ சூட்டுக்குப் பதுங்கியிருந்தால் உங்களை விட்டு விலகி ஓட வழியிருக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து, புகைக்குழாயில் ஸ்பினிஃபெக்ஸ் வைக்கோல் சிக்கியிருந்தால் கம்பியால் இழுத்துவிடுங்கள். பனியில் நனைந்த கான்வாஸை அப்படியே சுருட்டித்தான் கிளம்ப வேண்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் மெத்தையை வெளியே எடுத்து இரண்டையும் ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு மூன்று நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறை போவதில்லை.